எங்கள் பிள்ளைகளின் கதைகளை பீரோவிலிருந்து வெளியே எடுங்கள்

கடற்கரைப் பள்ளிகளைப் பார்வையிட வரும் கல்வி அலுவலர்களுக்கு,

எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் வாசிப்பு மூலை ஒன்று உண்டு. அரசு அனுப்பிய புத்தகங்களோடு, பிள்ளைகள் தாங்களே சொல்லி எழுதிய கதைப் புத்தகங்களும் அங்கே கொடியில் தொங்கின. சென்ற மாதம் பார்வைக்கு வந்த உங்களில் ஒருவர் அவற்றில் இரண்டைப் புரட்டிப் பார்த்தார். 'அங்கீகரிக்கப்படாத, பிழைகள் மலிந்த வாசிப்புப் பொருள்கள் உடனடியாக அகற்றப்பட வேண்டும்' என்று பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலமே எல்லாம் தலைமையாசிரியர் அறை பீரோவுக்குள் போய்விட்டன.

ஆசிரியர்கள் இதைப் பற்றி வெளியில் பேச மாட்டார்கள். அவர்களுக்கு நடத்தை விதி இருக்கிறது, அடுத்த பார்வையும் இருக்கிறது. நான் பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். 2021இல் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தன்னார்வலராகச் சேர்ந்து மாலை வகுப்பு எடுத்தவள். பள்ளி நடப்பதைக் கவனித்துக் கேள்வி கேட்கச் சட்டமே எங்கள் குழுவுக்கு உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

அந்தப் புத்தகங்கள் எப்படி உண்டாயின என்று வந்தவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லியிருப்போம்.

கொரோனாவுக்குப் பிறகு 2021 நவம்பரில்தான் சின்ன வகுப்புகள் திறந்தன. மூன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளை இரண்டாம் வகுப்பையே சரியாகப் பார்க்காத பிள்ளை. என்னிடம் வந்தவர்களில் பலர் உயிரெழுத்து, மெய்யெழுத்து எல்லாம் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒரு வரியைக் காட்டினால் எழுத்துக்கூட்டிக் கூட்டி வந்து கடைசிச் சொல்லில் நிற்பார்கள். என்ன வாசித்தாய் என்று கேட்டால் முழிப்பார்கள். ஆனால் வாசலுக்குப் போனால் அதே பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசுவார்கள். கச்சான் காற்று எப்போது மாறும், எந்த வலைக்கு எந்த மீன் விழும், யார் வல்லம் ஏன் இன்னும் கரைக்கு வரவில்லை என்று பெரியவர்கள் தோற்றுப்போகும் அளவுக்குப் பேச்சு.

அந்தப் பேச்சை எழுதிப் பார்க்கலாமே என்று தோன்றியது. ஒரு பையன் தன் தாத்தா வலையில் ஆவுளியா, அதாவது கடல்பசு, மாட்டியதையும், அவர் வலையை அறுத்து அதை விட்டதையும், பாட்டி வலை போச்சே என்று மூன்று நாள் பேசாமல் இருந்ததையும் சொன்னான். அவன் சொன்னதைச் சொன்னபடியே காலண்டர் தாளின் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதினேன். ஒரு சொல்லையும் மாற்றவில்லை. பிறகு விரல் வைத்து அவனே வாசித்தான். வாசித்தான் என்றால் பாதி நினைவிலிருந்துதான், அவன் சொன்னதுதானே. பரவாயில்லை. அடுத்த வரி என்ன என்று அவனுக்குத் தெரியும், அதனால் பயம் இல்லை. பயம் இல்லாததால் கண் எழுத்தின் மேல் நின்றது.

மறுநாள் அந்தத் தாளை வரி வரியாகக் கத்தரித்துக் கலைத்துப் போட்டேன். அடுக்கினான். பிறகு சொல் சொல்லாகக் கத்தரித்தேன். அதையும் அடுக்கினான், சண்டை போட்டுக்கொண்டு இன்னும் நாலு பேர் சேர்ந்து அடுக்கினார்கள். கடைசியில் எழுத்துக்கு வந்தோம். ஆவுளியாவில் இருக்கிற 'ளி' புளியில் இருக்கிறதா, வெளியில் இருக்கிறதா என்று தேடினார்கள். ஒரு மாதிரியாக வாசிப்பு பிடிபட்டது அப்படித்தான். ஒவ்வொருவரும் ஒரு கதை சொன்னார்கள். தாள்களை அடுக்கிக் கோணி ஊசியில் வலைநூலைக் கோத்துத் தைத்தோம். அட்டைக்குச் சேலை டப்பா.

இதை நான் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அறிவொளி எழுத்தறிவு இயக்கக் காலத்தில் எங்கள் பகுதியில் வேலை செய்த அண்ணன் ஒருவர் பிறகுதான் விளக்கினார். நியூசிலாந்தில் சில்வியா ஆஷ்டன்-வார்னர் என்ற ஆசிரியை மாவோரிப் பிள்ளைகளிடம் உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டு, அவர்கள் கேட்ட சொல்லை அட்டையில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தார். பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963இல் பவுலோ பிரெய்ரே கூலிக்காரர்கள் 300 பேருக்கு 40 மணி நேர வகுப்புகளில் எழுத்தறிவு கொடுத்தார். அவர்கள் வாயில் புழங்கும் சொற்களைப் பாடமாக்கித்தான் அது முடிந்தது. மறு வருஷம் ராணுவ ஆட்சி வந்ததும் அவரைச் சிறையில் வைத்தார்கள். எங்களுக்கு அந்த அளவுக்கு இல்லை, பீரோதான்.

இப்போது பிழைக்கு வருகிறேன்.

வந்தவர் பென்சிலால் வட்டம் போட்ட பக்கம் ஒன்று என் கையில் இருக்கிறது. மூன்றாம் வகுப்புப் பெண் பிள்ளை எழுதியது. அவளும் அவள் தாயும் சம்மதித்த பிறகே இங்கே தருகிறேன்:

"எங்கம்மா விடியக்காலம் பாசிக்குப் போகும். வெரல்ல துணி சுத்திக்கிரும். எங்கப்பா சட்டைய மேல போட்டுக்கிரும். கண்ணாடி மாட்டுனா எனக்கே அடையாளம் தெரியாது. திரும்பி வந்தா வெரல் எல்லாம் வெள்ளையா ஊறிப் போயிருக்கும். அந்தக் கையாலதான் எனக்குச் சடை பின்னும்."

வட்டங்கள் ஏழு. 'பேச்சு வழக்கு' என்று ஓரத்தில் ஒரு குறிப்பு. ஆறு வரியில் தாயை இப்படிக் கண்முன் நிறுத்திய பிள்ளைக்கு ஒரு 'நன்று' கூட இல்லை.

இதே பிள்ளை பிறகு நடந்த தேர்வில் 'என் தாய்' என்ற தலைப்புக்கு என்ன எழுதினாள் தெரியுமா? 'என் தாய் இல்லத்தரசி. அவர் சுவையான உணவு சமைப்பார். நான் அவருக்கு உதவுவேன். எனக்கு என் தாயை மிகவும் பிடிக்கும்.' முழு மதிப்பெண். அக்கா வைத்திருந்த நோட்ஸிலிருந்து மனப்பாடம் பண்ணியது. அவள் தாய் விடியற்காலையில் கழுத்தளவு தண்ணீரில் மூழ்கிப் பாறையில் பாசி பறிக்கிற பெண். அவளை வீட்டுக்குள் உட்காரவைத்தால்தான் மார்க் வரும் என்று எட்டு வயதில் அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. இதில் எது பிழை, எது சரி என்று தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.

எழுத்துத் தமிழ் வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லவில்லை. மனு எழுத வேண்டும், பரீட்சை எழுத வேண்டும், பேப்பர் படிக்க வேண்டும். அது எங்களுக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும், ஏனென்றால் ஒவ்வொரு மனுவுக்கும் யாரிடமாவது காசு கொடுத்து எழுதி வாங்கியவர்கள் நாங்கள். அதனால்தான் அந்தப் புத்தகங்களில் இடதுபக்கம் பிள்ளை சொன்னபடியும், வலதுபக்கம் அதையே நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுத்து வழக்குக்கு மாற்றியபடியும் இருக்கிறது. 'விரலில் துணி சுற்றிக்கொள்வார்' என்று எதிர்ப்பக்கத்திலேயே இருக்கிறது. 'சுற்றிக்கொள்வாரா, சுற்றிக்கொள்ளுமா' என்று அம்மாவுக்கு மரியாதை போடுவதைப் பற்றி ஒரு மணி நேரம் அவர்கள் வாதம் பண்ணினார்கள். இலக்கணம் அதைவிட உயிரோடு நான் பார்த்ததில்லை. வந்தவர் இடதுபக்கத்தை மட்டும் பார்த்தார்.

வேறு சில திருத்தங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 'வாப்பா' என்று எழுதிய பிள்ளைக்கு 'அப்பா' என்று சிவப்பு மையில் திருத்தம் வந்திருக்கிறது. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் தகப்பனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அது எந்த வழக்கிலும் பிழை ஆகாது. மண்டபம் இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து படிக்கிற பிள்ளைகளின் யாழ்ப்பாணப் பேச்சைக் கேட்டு வகுப்பே சிரிக்கிறது, சிரிப்பை நிறுத்த யாரும் இல்லை. அந்தப் பிள்ளைகள் இரண்டே மாதத்தில் வாயை மூடிக்கொள்கிறார்கள். 'வகுப்பில் அமைதியான மாணவர்' என்று குறிப்பு ஏறுகிறது.

நீங்கள் மேடையில் பேசும்போது கலாம் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. சொல்ல வேண்டியதுதான், எங்கள் மண்ணின் பிள்ளை. ராமேஸ்வரத்தில் ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பேப்பர் கட்டுகளைப் பிடித்துக் கொடுத்து சிறுவயதில் முதல் சம்பாத்தியம் பார்த்ததை அவரே எழுதியிருக்கிறார். அதை நீங்கள் சொல்லும்போது எல்லோரும் கைதட்டுகிறோம். இன்று விடியற்காலை மீன் ஏலக் கூடத்தில் ஐஸ் உடைத்துப் போட்டுவிட்டுப் பள்ளிக்கு வருகிற பையன் அதையே எழுதினால் 'தலைப்புக்குப் பொருந்தவில்லை' என்று வருகிறது. ஜனாதிபதி ஆன பிறகுதான் ஒரு பிள்ளையின் கதைக்கு அங்கீகாரமா?

பதிவேட்டில் எழுதாமல் வாய்வார்த்தையாக அவர் சொன்ன ஒன்றும் இருக்கிறது. 'இதில் அரசியல் எல்லாம் வருகிறது' என்றார். அவர் காட்டியது ஐந்தாம் வகுப்புப் பையன் எழுதியதை. கடலுக்குப் போன தகப்பன் திரும்பவில்லை, சிலோன் நேவி பிடித்துப் போனது. அம்மா ஆபீஸ் ஆபீசாக அலைகிறாள். பையன் தங்கச்சிக்குச் சோறு வடிக்கிறான். "சோறு கொழஞ்சு போச்சு. தங்கச்சி ஒண்ணும் சொல்லல, தின்னுருச்சு" என்று முடிகிறது. ஐயா, இதில் கச்சத்தீவு இல்லை, 1974 ஒப்பந்தம் இல்லை, கட்சி இல்லை. குழைந்த சோறுதான் இருக்கிறது. படகு பிடிபட்ட செய்தி அடிக்கடி பேப்பரில் வருகிற கரை இது. அந்தப் பையன் எதைப் பற்றி எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?

ஆனால் அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பதை மறுக்க மாட்டேன். வீட்டுத் துயரத்தைக் கொடியில் தொங்கவிட்டு வருகிறவன் போகிறவன் எல்லாம் வாசிப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒத்துவராது. குடிக்கிற தகப்பனைப் பற்றி எழுதிய பிள்ளை அடுத்த நாள் அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக் கிழித்துவிட்டது. அது அவள் கதை, கிழிக்க அவளுக்கு உரிமை உண்டு. அதிலிருந்து எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம்: எது கொடியில் தொங்கலாம், எது பையோடு வீட்டுக்குப் போகலாம் என்று எழுதின பிள்ளைதான் சொல்லும். சொல்லப் பிடிக்காதவர்கள் மீன் கதை, பேய்க் கதை எழுதட்டும், ஒரு கட்டாயமும் இல்லை. சொல்லப்போனால், பிள்ளைகளின் எழுத்தைக் கேட்காமல் செல்போனில் படம் எடுத்து 'நெகிழ்ச்சி' என்று தலைப்புப் போட்டு வாட்ஸ்அப் குழுக்களில் அனுப்பியவர்கள் பார்வைக்கு வந்தவர்கள்தான். அக்கறை இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

அங்கீகாரம் என்ற சொல்லை வைத்துத்தான் எல்லாம் நடக்கிறது, ஆகவே சட்டத்தையும் பார்த்துவிடலாம். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, பிள்ளையைப் பயமும் அதிர்ச்சியும் பதற்றமும் இல்லாமல் வைத்திருக்க வேண்டும், தன் கருத்தைத் தயங்காமல் சொல்ல உதவ வேண்டும் என்கிறது. தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பு 2005, பள்ளிக்கு வெளியே இருக்கிற வாழ்க்கையோடு பாடத்தை இணைக்கச் சொல்கிறது. நம் மாநிலத்தின் வாசிப்பு இயக்கமே 'நுழை, நட, ஓடு, பற' என்று பிள்ளையின் படிநிலைக்கு ஏற்ற சின்னச் சின்னப் புத்தகங்களைக் கொண்டுவந்தது. அவை நல்ல புத்தகங்கள், எங்கள் பிள்ளைகள் அட்டை கிழியும்வரை படித்திருக்கிறார்கள். அவற்றுக்குப் போட்டியாக நாங்கள் ஒன்றும் செய்யவில்லை. தன் கதையை வாசித்துப் பழகிய பிள்ளைதான் அடுத்தவர் கதையைத் தேடிப் போய் எடுக்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆவுளியாக் கதை சொன்ன பையன் இப்போது நூலக அலமாரியில் கடல், மீன் என்று எது கிடைத்தாலும் விடுவதில்லை.

இது பிள்ளைகளோடு நிற்கிற விஷயமும் இல்லை. என் அம்மா 90களின் தொடக்கத்தில் அறிவொளி வகுப்பில்தான் கையெழுத்துப் போடப் பழகியது. இன்று புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தில் எங்கள் தெருப் பெண்கள் சாயங்காலம் வந்து உட்காருகிறார்கள். பெயர் எழுதப் பழகியதும் பலர் நின்றுவிட்டார்கள். நிற்காதவர்கள் யார் என்று பார்த்தால், பாசி வாங்கும் ஏவாரியின் தராசு பற்றியும் பாசிக் கணக்கு பற்றியும் தங்கள் நோட்டில் தாங்களே எழுத ஆரம்பித்தவர்கள். மாதத்தில் 12 நாள்தான் பாசி எடுப்பது, மற்ற நாள் விட்டு வளர விடுவது என்று அவர்களே கூடிப் பேசிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். மரிக்கொழுந்துப் பாசி எங்கே, கஞ்சிப்பாசி எங்கே, கட்டக்கோரை எங்கே என்று தண்ணீருக்கு அடியில் வழி தெரிந்தவர்கள். பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பாசிப் பெண் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவிலிருந்து சீகாலஜி என்ற அமைப்பின் விருது கொடுத்தார்கள். இவ்வளவு தெரிந்தவர்களை 'எழுத்தறிவற்றோர்' என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டு, அவர்களுக்குத் தெரிந்த எதையும் கேட்காமல் பாடம் நடத்தினால் யார் தொடர்ந்து வருவார்கள்?

சாயல்குடிப் பக்கம் பதநீர்ப் பருவத்தில் குடும்பத்தோடு பனங்காட்டுக்குப் போகிற பிள்ளைகளும், கரிமூட்டத்துக்கும் வாலிநோக்கம் உப்பளத்துக்கும் தாய் தகப்பனோடு போய் வருகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வருகைப் பதிவேட்டில் அவர்களுக்கு விழுவது வெறும் 'ஆப்சென்ட்' தான். திரும்பி வந்த பிள்ளையிடம் போன இடத்தில் என்ன பார்த்தாய் என்று கேட்டு அதை எழுத வைத்தால் விட்டுப்போன நாட்களும் படிப்பாகும். ஏன் வரவில்லை என்று நிற்கவைத்துக் கேட்டால் அந்தப் பிள்ளை அடுத்த முறை திரும்பி வராது.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்கிறேன்.

பதிவேட்டில் எழுதிய அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்று, பிள்ளைகளின் புத்தகங்களை வாசிப்பு மூலையில் மறுபடி வைக்கலாம் என்று அதே பதிவேட்டில் எழுதுங்கள். வாயால் சொன்னால் போதாது. அடுத்து வருகிறவர் வேறொன்றைச் சொல்வார், ஆசிரியர் இடையில் மாட்டிக்கொள்வார். பிள்ளைகள் எழுதியவற்றையும் வாசிப்புப் பொருளாக வைத்துக்கொள்ளலாம் என்று எல்லாக் கடற்கரைப் பள்ளிகளுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். எந்தக் கதை வெளியில் இருக்கலாம் என்று முடிவு செய்வது எழுதிய பிள்ளை என்பதும், படம் எடுப்பதற்குப் பிள்ளையும் பெற்றோரும் சம்மதிக்க வேண்டும் என்பதும் அதில் இருக்க வேண்டும்.

ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் பிள்ளை வீட்டுப் பேச்சில் எழுதினால் மதிப்பெண் குறைக்காதீர்கள். நான்காம் வகுப்பிலிருந்து எழுத்து வழக்குக்கு மாற்றும் பயிற்சியைப் பாடவேளையிலேயே கொடுங்கள். 'என் தாய்', 'என் ஊர்' போன்ற தலைப்புகளுக்கு மனப்பாட விடைக்கு முழு மதிப்பெண் போடுவதை நிறுத்துங்கள். ஆசிரியர் பயிற்சியில் ஒரு நாளாவது இதற்கு ஒதுக்குங்கள். அந்த நாளில் செயலியில் விவரம் ஏற்றச் சொல்லி அவர்களை இழுக்காதீர்கள். பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து ஆள் வர வேண்டியதில்லை. படகு வைத்திருக்கும் சம்மாட்டிகளும் பாசிப் பெண்களும் பனையேறிகளும் இங்கேயே இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். அவர்கள் வந்து போகும் செலவையும் ஒரு நாள் கூலியையும் பள்ளி மானியத்திலிருந்து கொடுக்க அனுமதி வேண்டும்.

முதியோர் எழுத்தறிவு வகுப்பிலும் பெண்கள் தாங்களே எழுதிய நோட்டுகளைப் பயிற்சிக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மடலின் நகல் எங்கள் குழுவின் தீர்மானத்தோடு உங்கள் அலுவலகத்துக்குத் தபாலிலும் வருகிறது. அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு முன்பாக எழுத்தில் பதில் தாருங்கள். முடியாது என்பதுதான் பதிலானால் எந்த விதியின்படி முடியாது என்று விதி எண்ணோடு குறிப்பிடுங்கள். பதிலைக் கூட்டத்தில் எல்லாத் தாய்மார்கள் முன்னிலையிலும் சத்தமாக வாசிப்போம். வாசிக்கப் போவது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோர் உறுப்பினர் ஒருவர்,
இராமநாதபுரம் கடற்கரை